டயர்ல ஒரு குத்தமும் இல்லை தம்பி

தடவிப் பாரு தம்பி. விரல் நுனியால தட்டிக்கிட்டு நின்னா என்ன தெரியும், அது என்ன தர்பூசணியா? உள்ளங்கையை வச்சு ஒரு சுத்து முழுக்கத் தடவு. உள்பக்கமும்தான். கை கறுப்பாகும், ஆகட்டும், அந்தா துணி தொங்குது. எங்கயாவது வீங்கியிருக்கா? வெட்டு? கீறல்? இல்லைல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே?

ஓ. கர்ட் ஏதாவது சொன்னானா?

சொல்லியிருப்பான். கிளப்புல புதுசா சேந்திருக்கேன்னு மெசேஜ்ல போட்டிருந்தே. அப்ப கர்ட் ஆஸ்ட்ராண்டர் வாயில விழாம நீ கான்டன் ஊர்லேர்ந்து இங்க வந்திருக்க முடியாது. நான் விளக்குக் கம்பத்துல கொண்டுபோய் மோதிட்டேன்னு சொன்னானா? இல்லையா? பின்னே?

பயமா? எனக்கா?

அட, சொல்லு, சங்கடப்படாதே. நீயா சொன்னே, அவன் சொன்னதைத்தானே சொல்றே. டோரீனுக்கு வயசாயிடுச்சு, வேகத்தைக் கண்டா பயம் வந்திடுச்சு, அதான் நல்ல டயரைக் கழட்டிட்டு மெத்தை மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு வர்றா. அப்படித்தானே? கிளப் தலைவர் ஆனதுலேர்ந்து அவனுக்கு மைக்கும் கையுமா நிக்கணும். மைக் இல்லாத நேரத்துல இந்த மாதிரி.

கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமையானா கவுண்டி கண்காட்சி மைதானத்து பார்க்கிங்ல ரோட்டுல வைக்குற ஆரஞ்சு கோனை அடுக்கி வச்சு, ஒவ்வொரு வண்டியா நடுவுல புகுந்து, யாருக்கு நேரம் கம்மின்னு பாக்குறோமே, அந்த ஆட்டத்தை நான் ஆரம்பிச்சப்ப கர்ட் வேடிக்கை பாக்க வந்த பய. ஹெல்மெட் கூட இல்லாம வந்து நின்னான். என் ஹெல்மெட்டைத்தான் வாங்கிப் போட்டுக்கிட்டு முதல் தடவை ஓட்டினான். நாலு கோனை இடிச்சுத் தள்ளினான். அந்த ஹெல்மெட்ல அவன் வேர்வை நாத்தம் போக எனக்கு ஒரு சீசன் ஆச்சு. அவன் சொல்றான், எனக்குப் பயமாம்.

ஏன் விக்குறேன்னுதான் கேளேன், நேரா கேளு. ரெண்டு மாசம் கூட ஓடாத டயரு, மேல ரப்பர் பட்டன் எல்லாம் தேயாம அப்படியே நிக்குது, இந்தப் பொம்பளை ஏன் தள்ளிவிடப் பாக்குறா, உள்ள என்னமோ கோளாறு இருக்குன்னு உனக்குத் தோணும். எனக்கும் தோணும். சொல்றேன். அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரு. நின்னுக்கிட்டே கேட்டா நீ அவசரத்துல இருக்குற மாதிரி எனக்குப் படபடன்னு வருது.

முதல்ல இந்த டயரு. இது கோந்து மாதிரி தம்பி. மெதுவா ரெண்டு சுத்து சுத்தி சூடாக்கிட்டேன்னு வை, அப்புறம் நீ ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி கேள்வி கேக்காது, திரும்பிடும். கழுத்துதான் வலிக்கும். வளைவுல மூக்கு வெளிய ஓடுறது, பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போறது, அதெல்லாம் கிடையாது. பிரேக்கைக் கொஞ்சம் லேட்டா மிதிக்கலாம், இன்னும் கொஞ்சம் லேட்டா மிதிக்கலாம்னு உன்னைக் கெடுத்து வச்சிடும். பிடின்னா இதான் பிடி. நான் போட்ட எந்த டயரும் இதுகிட்ட நிக்காது. சத்தியமா சொல்றேன், விக்கணும்கிறதுக்காகச் சொல்லலை.

தேய்மானம்? தேயும். கோந்துன்னா தேயத்தான் செய்யும், அழிரப்பர் மாதிரி. தினம் வேலைக்கும் இதுலயே போனேன்னா அடுத்த வருஷம் இதே மாதிரி இன்னொருத்தி வீட்டு கராஜ்ல வாளியில உக்காந்திருப்பே. மழையில? தண்ணி தேங்கி நிக்குற இடத்துல ஜாக்கிரதை. குளிர்ல தொடவே தொடாதே. உறைபனியில வெளிய கிடந்தா ரப்பர் வெடிப்பு விட்டுடும். நான் கறுப்புப் பையில சுத்தி, வீட்டுக்குள்ள வாஷிங் மெஷின் பக்கத்துல வச்சிருந்தேன். குளிர்காலம் பூரா துணி எடுக்கப் போறப்பெல்லாம் இடுப்புல இடிச்சுக்கிட்டேன். கோளாறு உள்ள டயரை எவளாவது அப்படிப் பாத்துக்குவாளா?

சத்தம்.

ஆமா, சத்தம்தான். சத்தத்துக்காகத்தான் கழட்டினேன். சிரி, சிரி. கர்ட்டும் இப்படித்தான் சிரிச்சான். ஓட்டுறது பந்தயம், அதுல சத்தத்தைப் பத்தி யாராவது கவலைப்படுவாங்களான்னு. நெடுஞ்சாலையில எழுபது மைல் வேகத்துல போய்ப் பாரு, மரம் அறுக்குற மில்லுக்குள்ள உக்காந்து போற மாதிரி இருக்கும். ரோட்டுல கிடக்குற பொடிக்கல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்து மட்கார்ட்ல படபடன்னு அடிக்கும். ரேடியோவை எவ்வளவு வச்சாலும் பாட்டு கேக்காது, பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னுதான் தெரியும்.

முன்னாடி தெரியாதான்னு கேக்குறியா? நல்லாத் தெரியும். உண்மையைச் சொல்லவா, அந்தக் காலத்துல சத்தம் போடுற டயர்னா எனக்குக் கொண்டாட்டம். எங்க வீட்டுக்காரர் வெண்டெல் இருக்காரே, நீ வர்றப்ப பின்பக்கம் புல் வெட்டிக்கிட்டு இருந்தாரே, அவருதான். ரொட்டி வண்டி ஓட்டினவரு. கடை கடையா ரொட்டி போடுவாரு, கடை கடையா நின்னு பேசுவாரு. கடைக்காரன் பெஞ்சாதிக்கு முழங்கால் ஆபரேஷன்னா மொத விசாரிக்கிறது இவருதான். பல் டாக்டர் ஆபீஸ்ல போன் எடுக்குறது என் வேலை. காலையிலேர்ந்து பல்லு வலி பல்லு வலின்னு அழறவங்களைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, இவரு ஆரம்பிப்பாரு. ஞாயித்துக்கிழமை வண்டியில ஏறினா, போர்டைப் பாத்து வாசிப்பாரு. வக்கீல் விளம்பரம், மெத்தைக் கடை, சர்ச்சுல மீன் வறுவல், எல்லாம். எனக்கும் கண்ணு இருக்குன்னு அவருக்கு ஞாபகமே வராது. அதனால நான் கடையில போய்க் கேப்பேன், இருக்குறதுலயே இரைச்சல் ஜாஸ்தி எதுன்னு. கடைக்காரன் முழிப்பான். அவரு பேசுவாரு, நான் ம் ம்னு தலையாட்டுவேன், ஒண்ணும் காதுல விழாது. நல்ல குடும்பம் அப்படித்தான் ஓடிச்சு.

மனசு மாறிப்போச்சு, விடு.

போன வருஷம் மே மாசம் இதைக் கழட்டினேன். அடுத்து ஒண்ணு மாட்டினேன். கோடைக்கு ஓட்டுற டயரு, ரேஸுக்கும் ஆகும் வீட்டுக்கும் ஆகும்னு கடையில சொன்னான். நல்ல டயருதான், குத்தம் சொல்ல மாட்டேன். பிடி இதுல முக்கால்வாசி. மழையில இதைவிட நூறு மடங்கு தேவலாம். புதுசுல பூனை மாதிரி போச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். ஜூலை வரைக்கும்தான். அப்புறம் பட்டன் ஒரு பக்கமா தேய ஆரம்பிச்சது, ரம்பப் பல்லு மாதிரி. கையை ஒரு திசையில ஓட்டினா வழவழன்னு இருக்கும், எதிர்த்திசையில ஓட்டினா குத்தும். அது வந்துடுச்சுன்னா அவ்வளவுதான், வீல் சுத்தச் சுத்த வொவ்வொவ்வொவ்னு ஒரு ஊளை. சக்கரத்தை முன்ன பின்ன மாத்திப் பாத்தேன். கோணத்தைச் சரி பண்ணச் சொன்னேன். ஊளை போகலை. கழட்டிட்டேன்.

மூணாவது, எல்லாப் பருவத்துக்கும் ஓடுற ரகம். சாகுற வரைக்கும் தேயாதுன்னு எழுதிக் கொடுப்பான். சத்தமும் இல்லை. ஆனா பிடி? சோப்புக்கட்டி தம்பி! ஆகஸ்ட் ஞாயித்துக்கிழமை, நல்ல வெயில்ல, கடைசி வளைவுல நான் திருப்புறேன், வண்டி நேரா போகுது. வரிசையா கோனு. ஒண்ணு அடியில மாட்டி முடிவுக் கோடு வரைக்கும் கூடவே வந்துச்சு. ஒரு கோனுக்கு ரெண்டு செகண்டு தண்டம் போடுவாங்கன்னு உனக்குத் தெரியும். அன்னைக்கு என் நேரத்தைச் சொன்னா நீ இந்த டயரை இலவசமா கேப்பே.

கடையில அந்தப் பையன் சொன்னான், மேடம், போன்ல ஒரு ஆப் இருக்கு, சத்தத்தை அளந்து எண்ணு காட்டும், எண்ணு கம்மியா இருக்குறதை வாங்கிக்கங்கன்னு. எண்ணை வச்சு நான் என்ன பண்ண? இடி மாதிரி தூரத்துல உறுமுற சத்தம் ஒண்ணு இருக்கு, அதுக்கு நடுவுல பேசலாம். ஸ்ஸ்ஸ்னு எண்ணெய் காயுற மாதிரி ஒரு சத்தம் இருக்கு, எண்ணு கம்மியா காட்டும், ஆனா பேச்சையெல்லாம் முழுங்கிடும். ஆப்புக்கு ரெண்டும் ஒண்ணு. எனக்கு அப்படி இல்லை.

நானே ஒரு வழி வச்சிருந்தேன். இருபத்தொண்ணாம் நம்பர் ரோட்டுல தெற்க போனேன்னா, மொதல்ல பழைய சிமென்ட் ரோடு, டடக் டடக்னு வரும். அப்புறம் புதுத் தார். அப்புறம் இடது பக்கம் இறங்கினா ஜல்லி ஒட்டின பண்ணை ரோடு, அதான் இருக்குறதுலயே மோசம். ஜன்னலை மூடி, ஏசியை நிறுத்தி, ரேடியோவை நிறுத்தி, வெண்டெலைப் பக்கத்துல உக்கார வச்சு, பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுவேன். என் கண்ணு ரோட்டுல. எனக்கு எவ்வளவு காதுல விழுதுன்னு பாப்பேன். அவருக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம பேஸ்பால் டீம் தோத்த அன்னைக்கு மட்டும் படிக்க மாட்டேன்னு அடம் பிடிப்பாரு.

கிடைச்சுதே, கிடைக்காம என்ன. இப்ப வண்டியில மாட்டியிருக்கேன், போறப்ப பாரு. உள்ளுக்குள்ள பஞ்சு ஒட்டியிருக்கான் தம்பி, டயருக்குள்ளயே, தலையணைக்குள்ள இருக்குற மாதிரி ஸ்பாஞ்சு. கனம் ஜாஸ்தி. பஞ்சர் ஆனா பாதிக் கடைக்காரன் தொட மாட்டேங்கிறான். பிடி சுமாருக்கு மேல, உன் டயருக்கு ரொம்பக் கீழ. தேய்மானமும் பெருமைப்படுற மாதிரி இல்லை. விலையைக் கேக்காதே. சமையலறைக்குப் புது அலமாரி வரணும், வரலை. ஆனா அந்தப் பண்ணை ரோட்டுலயே ஒரு வார்த்தை விடாம கேட்டேன். ஸ்கோரு, ஓட்டக் கணக்கு, யாருக்குத் தோள்பட்டை சுளுக்கு, எல்லாம்.

ஆமா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் அக்டோபர் பைனலுக்குப் போனேன். அந்தக் கதையைத்தானே உன்கிட்ட சொல்லியிருக்கான்? முழுசா சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்றேன்.

வெண்டெல் எங்க கிளப்புல பதினஞ்சு வருஷமா கோன் வேலை பாத்தவரு. சம்பளமா, ஒண்ணும் கிடையாது. ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு வளைவுல நிக்கணும், விழுந்த கோனை ஓடிப்போய் எடுத்து வைக்கணும், பக்கத்துல குனிஞ்சுக்கிட்டு இருக்குறவனுக்கு அடுத்த வண்டி வருதுன்னு சொல்லணும். அவருக்கு அதான் ஞாயித்துக்கிழமை. போன வருஷம் ஜூன்ல கர்ட் அவரை எடுத்துட்டான். வேண்டாம் வெண்டெல், நீங்க உக்காருங்கன்னுட்டான். எல்லார் முன்னாடியும், மைக்ல. காரணம் இருந்துச்சு. நியாயமான காரணம்தான், அதை நான் இல்லைன்னு சொல்லலை. பக்கத்துல கூப்பிட்டு, தோள்ல கையைப் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல? பதினஞ்சு வருஷம் தம்பி. மனுஷன் ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டி மடிச்சு மேசையில வச்சுட்டு, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் போய் கக்கூஸ் வண்டி பக்கத்துல உக்காந்தாரு. அங்கதான் நிழல் இருந்துச்சு. யாரும் போய்ப் பேசலை. அடுத்த வாரமும் அங்கதான். அதுக்கு அடுத்த வாரம் நான் போய் நாற்காலியை மடக்கினேன். எந்திரி, வண்டியில ஏறுன்னேன். பக்கத்து சீட்ல ஆள் உக்காரலாம்னு நம்ம விதியிலயே இருக்கு, ஹெல்மெட் இருந்தாப் போதும். அன்னைலேர்ந்து ஒவ்வொரு ஓட்டத்துலயும் என் பக்கத்துல அவரு இருப்பாரு.

எடையா? ஆமா, எடைதான். மத்தவங்க செகண்டுல நூறுல ஒரு பங்கைக் குறைக்க ஸ்பேர் வீலைக் கழட்டி வச்சுட்டு வருவாங்க, நான் வெண்டெலை ஏத்திக்கிட்டு வர்றேன். மனுஷன் ரொட்டி தின்னு வளத்த உடம்பு.

பைனல்ல, நான் புறப்படுற கோட்டுல நிக்குறேன். கர்ட் மைக்கை எடுக்குறான். டோரீன், எடையை இறக்கி விட்டுட்டு வந்தா இன்னைக்கும் ஜெயிக்கலாமேங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. வெண்டெல் சீட் பெல்ட்ல கையை வைக்குறாரு, இறங்குறதுக்கு. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஜன்னலை இறக்கி, நல்லா எட்டக் கேக்குற மாதிரி சொன்னேன், கர்ட், இது என் எடை, நான் தூக்கிக்கிறேன், உன் மைக் எடையை நீ பாருன்னு. கொடியைக் காட்டுடான்னேன்.

தோத்தேன். ஒன்றரை செகண்டுல தோத்தேன். கர்ட்தான் ஜெயிச்சான், எந்த டயர்லன்னு நினைக்குறே? இதேதான், இதே மாதிரி செட்டு. அதுக்கப்புறம் கோப்பையை வாங்கிக்கிட்டு, எனக்கு ஒரு தலையணையைப் பரிசா கொடுத்தான். கடையிலேர்ந்து முன்கூட்டியே வாங்கி வச்சிருக்கான், பாத்துக்கோ. சத்தமில்லாத டயருக்குத் துணையா வச்சுக்கங்கன்னு. வாங்கிக்கிட்டேன். நல்ல தலையணை, நாய் படுத்திருக்கு. அடுத்த வாரம் சீசன் ஆரம்பிக்குது, நான் வர்றேன்னு சொல்லு அவன்கிட்ட. அதே டயரு, அதே ஆளு பக்கத்துல. வருஷம் பூரா தோப்பேன். ஒவ்வொரு வாரமும் வந்து தோப்பேன். எனக்கு வெக்கமும் இல்லை, பயமும் இல்லை. கோட்டுக்கு வர்றப்ப என் நேரத்தைப் பாத்து யாராவது பரிதாபப்பட்டா...

ஒரு நிமிஷம் தம்பி. பேசாதே.

என்னப்பா வெண்டெல்? ...ம்? ...ஆங். சர்க்கரையா? இங்கதான், வண்டி முன் சக்கரத்துக்கு மேல ஷெல்ஃப்ல இருக்கு பாரு, சிவப்பு டப்பா. அது இல்லை, அதுக்குப் பின்னாடி. ...சரி, கேக்குறேன்.

காபி குடிக்கிறியான்னு கேக்குறாரு. இப்பத்தான் போட்டாராம். பால் விடணுமா? விடணுமாம் வெண்டெல்.

ஐய, ரகசியம் எல்லாம் ஒண்ணும் இல்லை, ஏன் அப்படிப் பாக்குறே. அவரு குரலே அவ்வளவுதான். தொண்டையில கட்டி. போன வருஷம் ஏப்ரல்ல எடுத்தாங்க. கட்டியோட சேத்து எதை எதையெல்லாமோ எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்குறது இந்தக் காத்து மட்டும்தான். உயிர் இருக்குல்ல, அது போதும்னு டாக்டர் சொன்னாரு, நானும் ஆமான்னேன். கத்த முடியாது, அதான் கர்ட் எடுத்துட்டான். வண்டி வருதுன்னு கத்த முடியாதவரை வளைவுல நிறுத்த முடியுமா? முடியாது. தெரியும் எனக்கு.

ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன், க்ளீவ்லாண்டுலேர்ந்து. இந்த டயர்ல. வாரக்கணக்கா வாயே திறக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, சிலேட்டுல எழுதிக் காட்டிக்கிட்டு இருந்தாரு, அன்னைக்குத்தான் பேசலாம்னு விட்டாங்க. எழுபத்தொண்ணாம் நம்பர் சாலையில வந்துக்கிட்டு இருக்கோம், லாரி லாரியா போகுது. ஓரக்கண்ணால பாக்குறேன், அவரு உதடு அசையுது. என்னைப் பாத்து ஏதோ சொல்றாரு. சின்னதா இல்லை, நிறைய சொல்றாரு. மூணு எக்ஸிட் தாண்டுற வரைக்கும் சொல்றாரு. எனக்கு இந்த டயர் போடுற கூச்சல் தவிர ஒண்ணும் கேக்கலை. பழக்கதோஷம் பாரு, நான் ம் ம்னு தலையாட்டிக்கிட்டே வந்திருக்கேன். அப்புறம் சுரீர்னு உறைச்சு, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திட்டுக் கேட்டேன், என்ன சொன்னே, திருப்பிச் சொல்லுன்னு. அவரு என் கையை எடுத்து ரெண்டு தட்டு தட்டிட்டு, ஒண்ணும் இல்லை, போலாம்னாரு.

அப்புறமும் கேட்டுப் பாத்தேன், பல தடவை. ஞாபகம் இல்லைங்கிறாரு. இருக்கு, எனக்குத் தெரியும்.

சரி, டிக்கியைத் திற. ரெண்டை உள்ள போடு, ரெண்டைப் பின்சீட்ல வச்சுக்கலாம். காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பு.